உடற்கல்விப் பட்டமும் திறந்தவெளியும்

சென்னையின் மேற்குப் புறநகரில், ஆவடியை ஒட்டி, விமானப்படை நிலையத்துக்கு அருகில் உள்ள முத்தாபுதுப்பேட்டை போன்ற ஊர்களில் பிளஸ் டூ முடித்த ஒரு மாணவரோ மாணவியோ கல்லூரியில் உடற்கல்வி படிக்க விரும்புவதாகச் சொன்னால், வீட்டாருக்கும் உறவினருக்கும் உடனே நினைவுக்கு வருபவர், கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு காலை வழிபாட்டில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் ‘பி.டி. மாஸ்டர்’தான். அந்த ஆசிரியரின் பணி எளிதானதும் அல்ல, சிறியதும் அல்ல; ஆனால் அந்த ஒரே உருவத்தை வைத்துக்கொண்டு ஒரு பல்கலைக்கழகப் படிப்பையே எடைபோடுவதால், மதிப்பெண் குறைந்தவர்கள் சென்று சேரும் துறை என்ற தவறான எண்ணம் பல பத்தாண்டுகளாக மாறாமல் இருந்து வருகிறது. மனித உடல் எவ்வாறு இயங்குகிறது, எவ்வாறு களைக்கிறது, எவ்வாறு தேர்ச்சி பெறுகிறது என்பதையும், மைதானத்திலும் காட்டிலும் நீரிலும் பிறரைப் பாதுகாப்பாக வழிநடத்துவது எப்படி என்பதையும் ஒருசேரக் கற்பிக்க வேண்டிய துறை இது.

இங்கு இரண்டு சொற்களை விளக்கிக்கொள்வது நல்லது. உடற்கல்வி என்பது வெறும் உடற்பயிற்சியோ போட்டிக்கான விளையாட்டுப் பயிற்சியோ அன்று. ஓட்டம், தாண்டல், ஆட்டம், நீச்சல், யோகம் முதலிய செயல்களின் வழியாக உடலையும் மனத்தையும் கூட்டு வாழ்வுக்கான பழக்கங்களையும் வளர்க்கும் கல்வியே அது. திறந்தவெளிப் பொழுதுபோக்கு என்பது மலைநடை, முகாம், பாறையேற்றம், படகு, அலைச்சறுக்கு, சைக்கிள் பயணம் போன்று இயற்கையையே களமாகக் கொண்ட செயல்களைக் குறிக்கும். அளந்து கோடு போட்ட மைதானத்தில் அது நடப்பதில்லை. எதிரணியும் நடுவரும் அதில் இல்லை. வானிலையும் நிலத்தின் சரிவும் நீரின் வேகமுமே அங்கு விதிகளை வகுக்கின்றன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நார்வே, கனடா ஆகிய நாடுகளில் பல்கலைக்கழக அளவில் கற்பிக்கப்படும் இப்பிரிவு, தமிழ்நாட்டில் இன்னும் தனிப் பட்டப்படிப்பாக வேரூன்றவில்லை. உடற்கல்விப் பட்டத்தின் ஓர் ஓரத்தில் சில நாள் முகாமாக மட்டுமே அது பெரும்பாலும் தங்கியிருக்கிறது.

இத்தனைக்கும் இந்தியாவில் உடற்கல்வியை முறையான படிப்பாக்கிய நகரமே சென்னைதான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக், 1919-இல் சென்னைக்கு வந்து, அடுத்த ஆண்டே எஸ்பிளனேடு ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர் அடையாற்றங்கரையில், இன்று நந்தனம் என வழங்கும் பகுதிக்கு இடம்பெயர்ந்து, ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என அறியப்படுகிறது. 1891-இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தாட்டத்தை உருவாக்கியது அதே ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில்தான். அங்கு பயின்ற வில்லியம் மார்கன் 1895-இல் கைப்பந்தாட்டத்துக்கு வடிவம் கொடுத்தார். இவ்விரு ஆட்டங்களும் தமிழகத்தின் சிற்றூர்கள் வரை பரவியதற்கு ஒய்.எம்.சி.ஏ. இயக்கமும் நந்தனத்தில் பயிற்சி பெற்றுச் சென்ற ஆசிரியர்களும் முக்கியமான காரணம்.

பக் மேனாட்டு ஆட்டங்களை மட்டும் இறக்குமதி செய்தவர் அல்லர். சடுகுடு முதலிய உள்ளூர் ஆட்டங்களுக்கும் தம் கல்லூரியில் இடம் கொடுத்தார். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராகப் பொறுப்பேற்றவரும் அவரே. 1943-இல் சென்னையிலேயே அவர் மறைந்தார். அவருடைய முயற்சியில் கவனிக்கத்தக்கது, விளையாட்டு வீரரைக் காட்டிலும் விளையாட்டைக் கற்பிக்கும் ஆசிரியரை உருவாக்குவதையே அவர் முதன்மையாகக் கொண்டார் என்பதாகும். ஒரு நல்ல ஆசிரியர் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சென்றடைவார் என்ற கணக்கு அதன் பின்னால் இருந்தது. அக்கணக்கு இன்றும் சரியானதே.

பின்னர் காரைக்குடியில் அழகப்பா உடற்கல்விக் கல்லூரியும், கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ணா மிஷன் வித்யாலயத்தின் மாருதி கல்லூரியும் எழுந்தன. வடக்கே, 1857 எழுச்சியின் நூற்றாண்டை ஒட்டி 1957-இல் குவாலியரில் லட்சுமிபாய் கல்லூரி தொடங்கப்பட்டது. 1961-இல் பாட்டியாலாவில் பயிற்றுநர்களை உருவாக்கும் தேசிய விளையாட்டு நிறுவனம் அமைந்தது. தமிழ்நாடு இத்துறைக்கென்றே தனிப் பல்கலைக்கழகச் சட்டம் ஒன்றை இயற்றியதன் விளைவாக 2005-இல் செயற்படத் தொடங்கிய தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் மேலக்கோட்டையூரில் இயங்குகிறது. மாநிலத்தின் உடற்கல்விக் கல்லூரிகள் அதனுடன் இணைக்கப்பட்டுள்ளன.

படிப்பின் படிநிலைகள் வெளியில் இருப்பவர்களுக்குச் சற்றே குழப்பமானவை. பிளஸ் டூ முடித்தவுடன் சேரக்கூடிய மூன்றாண்டு இளநிலைப் பட்டங்கள் உண்டு. அவை துறை அறிவைத் தருகின்றனவே தவிர, அவற்றை மட்டும் கொண்டு பள்ளி ஆசிரியராக முடியாது. பள்ளியில் பணிபுரிய விரும்புவோர், ஏதேனும் ஒரு பட்டம் பெற்றபின் பி.பி.எட். எனப்படும் உடற்கல்வி ஆசிரியர் பட்டத்தைப் பெற வேண்டும். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014-இல் வெளியிட்ட விதிமுறைகளால், முன்பு ஓராண்டாக இருந்த இப்படிப்பு நான்கு பருவங்கள் கொண்ட ஈராண்டுப் படிப்பாயிற்று. சேர்க்கைக்குப் பட்டப்படிப்பின் மதிப்பெண்ணோடு, போட்டிகளில் பங்கேற்றதற்கான சான்றும் உடற்தகுதித் தேர்வும் கணக்கில் கொள்ளப்படுகின்றன. கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநராக விரும்புவோருக்கு எம்.பி.எட். பட்டமும் அதற்குமேல் தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும். ஒரு விளையாட்டில் பயிற்றுநராக மட்டும் இருக்க விரும்புவோருக்குப் பாட்டியாலா நிறுவனத்தின் பட்டயம் வேறு வழியைத் திறக்கிறது.

வகுப்பறைக்குள் கற்பிக்கப்படுவனவற்றில் உடற்கூற்றியல், உடலியங்கியல், விளையாட்டு உளவியல், ஊட்டச்சத்து, பயிற்சியியல், உடலசைவியல் ஆகியன அடங்கும். உடலசைவியல் என்பது எலும்பு, தசை, மூட்டு ஆகியவற்றின் அசைவுகளை இயற்பியல் விதிகளால் விளக்கும் பாடம். வெளியே தடகளம், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ், சடுகுடு, மல்லர் கம்பம், கூட்டு உடற்பயிற்சி ஆகியவற்றோடு பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சியும் உண்டு. இப்பாடங்களின் பயனை அறிய ஆவடிப் பகுதியின் விடியற்காலையைக் கவனித்தாலே போதும். மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் மையம், தமிழ்நாடு சிறப்புக் காவல் படையணிகள், விமானப்படை நிலையம், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகள் ஆகியன சூழ்ந்த இப்பகுதியில், சீருடைப் பணி இளைஞர் பலருக்குக் கண்ணெதிரே இருக்கும் கனவு. அத்தேர்வுகளுக்காக மைதானத்திலும் சாலையோரத்திலும் ஓடுபவர்களுள் பெரும்பாலோர் எவரிடமும் பயிலாமல், நண்பர்கள் சொன்னதையும் செல்போனில் கண்டதையும் வைத்தே ஓடுகின்றனர்.

தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். மத்திய ஆயுதப் படைகளின் காவலர் தேர்வில் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் முதலாவதில் ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 நொடி, இரண்டாவதில் 4 நிமிடம் 48 நொடி. அதாவது வேகம் ஏறத்தாழ ஒன்றே, ஆனால் அதே வேகத்தை மும்மடங்குக்கும் அதிகமான நேரம் தாங்கிக்கொள்ள வேண்டும். முதல் தேர்வை எளிதில் கடந்த இளைஞர் இரண்டாவதில் மூச்சிரைத்து நின்றுவிடுவதற்குக் காரணம் மனவலிமைக் குறைவு அன்று. நீண்ட நேரம் உயிர்வளியைப் பயன்படுத்தி ஆற்றல் பெறும் திறன், தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுவதாலும் இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக இரத்தத்தை வெளியேற்றப் பழகுவதாலும் வளர்வது. அதற்குப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் மாதக்கணக்கான ஓட்டம் தேவை. தேர்வு அறிவிப்பு வந்தபின் நாள்தோறும் முழு வேகத்தில் ஓடுபவருக்கு அத்திறன் வளர்வதற்கு முன்பே கணுக்காலுக்கு மேலே முன்எலும்பு வலி கண்டுவிடுகிறது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் பாதத்தின்மீது உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை தாக்குகிறது. எலும்பு அதற்கேற்ப உறுதிப்பட வாரங்கள் பிடிக்கும். தார்ச்சாலையில் தேய்ந்த செருப்புடனோ வெறுங்காலுடனோ திடீரெனத் தூரத்தைக் கூட்டினால் எலும்பில் நுண்விரிசல் ஏற்படக்கூடும். இதை அறிந்த ஒருவர் ஒரு மைதானத்தில் இருந்தால், அங்கு ஓடும் இளைஞர்களுள் பலர் தேர்வு நாளன்று நொண்டாமல் நிற்பார்கள்.

வெயிலைப் பற்றிய அறிவும் அவ்வாறே. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது; சென்னையைப் போல் காற்றில் ஈரம் மிகுந்த இடத்தில் வியர்வை வழிகிறதேயன்றி ஆவியாவது குறைவு; ஆகவே சித்திரை, வைகாசி மாதங்களில் காலை எட்டு மணிக்குப் பின் கடும் பயிற்சி செய்பவரின் உள்வெப்பம் வேகமாக உயர்கிறது. உள்வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. அந்நிலையில் அவரை நிழலில் கிடத்திக் குளிர்ந்த நீரால் உடல் முழுவதையும் உடனடியாக நனைத்துக் குளிர்விப்பதே உயிரைக் காக்கும். நினைவு தடுமாறியவருக்கு வாய்வழியே தண்ணீர் புகட்டுவது ஆபத்தாகும். உடல் புதிய வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும் என்பதையும் உடலியங்கியல் கற்றவர் அறிவார்; கோடை விடுமுறை முகாமின் முதல் நாளிலேயே பிள்ளைகளை ஓடவைத்துச் சோர்வடையச் செய்ய மாட்டார்.

மைதானத்தை விட்டு வெளியேறும்போது பொறுப்பு பன்மடங்காகிறது. திறந்தவெளிக் கல்வி தனித் துறையாக வளர்ந்ததற்கு அதுவே அடிப்படை. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களின் தாக்குதலுக்கு உள்ளான பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில், வயது முதிர்ந்த மாலுமிகளைக் காட்டிலும் உடல் வலிமை மிக்க இளைஞர்கள் எளிதில் நம்பிக்கை இழந்து மடிகின்றனர் என்று கப்பல் உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட் கருதினார். நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி ஸ்காட்லாந்தில் பள்ளி நடத்திய கல்வியாளர் குர்ட் ஹானுடன் இணைந்து 1941-இல் வேல்ஸ் நாட்டின் அபர்டோவியில் அவர் தொடங்கியதே ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளி. கடலும் மலையுமே அங்கு வகுப்பறை. பாதுகாப்பான வரம்புக்குள் உண்மையான இடர்களை எதிர்கொள்ளச் செய்தால் தன்னம்பிக்கையும் பிறர்மீதான அக்கறையும் வளரும் என்ற அக்கருத்து, பின்னர் உலகெங்கும் பல்கலைக்கழகப் பாடமாயிற்று.

இந்தியாவில் எவரெஸ்ட் வெற்றிக்கு மறு ஆண்டான 1954-இல் டார்ஜிலிங்கில் இமயமலை மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் களப்பயிற்சிக்குப் பொறுப்பேற்றவர் டென்சிங் நோர்கே. 1965-இல் உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம் அமைந்தது. 1984-இல் எவரெஸ்டை அடைந்த முதல் இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பால் அங்கு பயின்றவரே. ஏறத்தாழ நான்கு வாரம் நடைபெறும் அடிப்படைப் பயிற்சியில் கயிற்று முடிச்சு, பனியில் நடத்தல், பாறையில் ஏறி இறங்குதல், உயரத்தால் வரும் நோயை அறிதல் ஆகியன கற்பிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டு மாணவரும் இவற்றில் சேரலாம். ஆனால் பனிமலைக்குரிய அத்திறன்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகளுக்கும் கிழக்குக் கடற்கரைக்கும் அப்படியே பொருந்துவதில்லை.

அந்த இடைவெளி எத்தகையது என்பதைத் தமிழகம் 2018 மார்ச் 11 அன்று பெருந்துயரத்துடன் கண்டது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். காட்டுத்தீ மேல்நோக்கிச் செல்லும்போது அதன் சுடர் மேலிருக்கும் காய்ந்த புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடுவதால், சரிவு 10 பாகை கூடும்தோறும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. மனிதரின் வேகமோ ஏற்றத்தில் குறைகிறது. ஆகவே கீழிருந்து தீ வரும்போது மேல்நோக்கி ஓடக் கூடாது. பக்கவாட்டில் விலகி, புல் இல்லாத பாறைப் பரப்பையோ ஏற்கெனவே எரிந்து அடங்கிய இடத்தையோ நாட வேண்டும். அதைவிட முதன்மையானது, புல் காய்ந்து நிற்கும் பருவத்தில் அப்பாதைக்குச் செல்லலாமா என்று முன்கூட்டியே முடிவெடுக்கும் அறிவு. காற்றின் திசை, புல்லின் ஈரம், குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகம், இறங்குவதற்குள் இருட்டிவிடுமா என்ற கணக்கு, கைப்பேசித் தொடர்பு அற்ற இடத்தில் செய்தி அனுப்பும் வழி ஆகிய அனைத்தையும் எடைபோட்டு, தேவைப்பட்டால் பணம் கட்டி வந்தவர்களைப் பாதி வழியில் திருப்பி அழைத்துச் செல்லும் துணிவு ஒரு வழிநடத்துநருக்கு வேண்டும். இது பிறவியில் வருவதன்று. படித்தும் மூத்தவருடன் பலமுறை நடந்தும் கற்க வேண்டியது.

குரங்கணிக்குப் பின் அரசு அதே 2018-இல் மலைநடையை முறைப்படுத்தும் விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறையின் ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தின்கீழ் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டு, அப்பகுதிகளைச் சேர்ந்த பழங்குடியினர் உள்ளிட்ட உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றனர். அந்த நாற்பதுள் ஒன்று முத்தாபுதுப்பேட்டை அமைந்த அதே திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அப்பால் உள்ள குடியம் குகைகளுக்குச் செல்கிறது. கூழாங்கற்கள் பதிந்து இறுகிய பாறையில் அமைந்த இக்குகைகளின் சுற்றுவட்டாரம் உலகத் தொல்லியல் வரைபடத்தில் இடம்பெற்றது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கமும் இவ்வட்டாரத்தில்தான் உள்ளது. அங்கு கிடைத்த கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் வெளியான ஆய்வு நிறுவியது. முட்புதர்க் காட்டின் நடுவே இப்பாதையில் ஒரு வகுப்பை அழைத்துச் செல்லும் உடற்கல்வி மாணவர், நடையின் வேகத்தையும் தண்ணீரின் அளவையும் மட்டுமல்லாமல், காலடியில் கிடக்கும் கல்லின் கதையையும் சொல்லக் கற்றிருந்தால், அதுவே திறந்தவெளிக் கல்வியின் முழு வடிவம்.

நீரைப் பற்றிய கல்வி இதைவிட அவசரமானது. பருத்திப்பட்டு, புழல், செம்பரம்பாக்கம் என ஏரிகள் சூழ்ந்த மேற்குப் புறநகரில் நீச்சல் அறியாத பிள்ளைகளே மிகுதி. மூழ்குபவரைக் காப்பாற்றக் குதித்தவரும் சேர்ந்து மூழ்கும் செய்தி கோடைதோறும் நாளேடுகளில் வருகிறது. கரையில் நின்றபடியே துப்பட்டாவையோ கொம்பையோ நீட்டுவது, மூடிய காலிக் குடத்தைக் கயிற்றில் கட்டி எறிவது, பயிற்சி இல்லாதவர் எக்காரணம் கொண்டும் நீரில் இறங்காமல் இருப்பது ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரே பாடவேளையில் கற்றுத்தர முடியும். அதற்கு நீச்சல் குளம்கூடத் தேவையில்லை, பயின்ற ஆசிரியர் ஒருவர் போதும். கோவளம் கடற்கரையில் மீனவர் குடும்பத்தைச் சேர்ந்த மூர்த்தி மேகவன் அலைச்சறுக்குப் பள்ளியை உருவாக்கி உள்ளூர்ப் பிள்ளைகளைப் பயிற்றுநர்களாக்கியதும், அதே கோவளத்தைச் சேர்ந்த அலைச்சறுக்குப் பயிற்றுநர் ராஜசேகர் பச்சை 2023 மே மாதத்தில் எவரெஸ்டை அடைந்ததும், அதே மாதத்தில் முத்தமிழ்ச்செல்வி தமிழகத்தின் முதல் பெண்ணாக அச்சிகரத்தை அடைந்ததும், இத்துறைக்கான ஆர்வம் தமிழ்நாட்டில் குறைவின்றி இருப்பதைக் காட்டுகின்றன. பல்கலைக்கழகங்கள்தாம் அந்த ஆர்வத்துக்குப் பின்தங்கி நிற்கின்றன.

வேலைவாய்ப்பைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளிகளில் நிரந்தர உடற்கல்வி ஆசிரியர் பணியிடங்கள் தேவையைவிடக் குறைவு. 2012-இல் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் முதலிய பாடங்களுக்கு நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாயில் பணியைத் தொடங்கி, ஊதிய உயர்வுக்கும் பணி நிரந்தரத்துக்கும் பல ஆண்டுகள் போராடினர். விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்ளும் வழக்கமும் பல பள்ளிகளில் நீடிக்கிறது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் சுறுசுறுப்பாக இயங்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதை எண்ணினால், அந்தக் கடன் பிள்ளைகளின் உடல்நலத்திலிருந்து எடுக்கப்படுவது விளங்கும். எனினும் தனியார் பள்ளிகள், விளையாட்டு அகாடமிகள், உடற்தகுதி நிலையங்கள், சாகசச் சுற்றுலா ஆகியவற்றில் பயின்றவர்களுக்கான தேவை இருக்கிறது. முதலுதவிச் சான்றும் நீச்சல் மீட்புப் பயிற்சியும் மலைநடை வழிநடத்தும் அனுபவமும் கூடுதலாகப் பெற்றவருக்கு அவ்வாய்ப்புகள் விரிவடையும்.

உடற்கல்விக் கல்லூரிகள் செய்யக்கூடியது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம் அன்று. ஆண்டு இறுதியில் ஒப்புக்கு நடத்தும் முகாமுக்கு மாற்றாக, ஒரு முழுப் பருவத்தைத் திறந்தவெளி வழிநடத்தலுக்கு ஒதுக்கி, வரைபடம் படித்தல், வானிலை அறிதல், காட்டில் முதலுதவி, நீர் மீட்பு, குழு நிர்வாகம் ஆகியவற்றைத் தேர்வுக்குரிய பாடங்களாக்கலாம். வனத்துறையின் வழிகாட்டிகளையே வருகைதரு ஆசிரியர்களாக அழைக்கலாம். காட்டின் ஒலிகளையும் தடங்களையும் அறிந்த ஒரு பழங்குடி இளைஞர் கற்பிப்பதைப் பாடநூல் கற்பிக்க முடியாது. மேற்குப் புறநகரின் மாணவர்களைக் குடியம் பாதையிலும், தென்சென்னை மாணவர்களைக் கோவளத்திலும், ஏலகிரி, கொல்லிமலை, நீலகிரி எனப் பிற மாவட்டத்தாரை அவரவர் மலைகளிலும் களப்பயிற்சிக்கு அனுப்பினால், விடுதிச் செலவும் பயணச் செலவும் ஓர் எளிய குடும்பத்தின் சக்திக்குள் அடங்கும். அதுவரை இப்படிப்பில் சேர விரும்பும் மாணவரும் பெற்றோரும், கல்லூரிக்குத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் இருக்கிறதா, நீச்சலும் முகாமும் உண்மையாகவே நடத்தப்படுகின்றனவா, பட்டத்தை வைத்து எந்தப் பணிக்கு விண்ணப்பிக்க முடியும் என்பவற்றை, கட்டணம் செலுத்துவதற்கு முன்பே கல்லூரிக்கு நேரில் சென்று, அங்கு இரண்டாம் ஆண்டு படிப்பவர்களிடம் கேட்டறிய வேண்டும்.